நண்டுக்குக் கிடைத்த முன் சீட்

"புறாத்தீவு தேசியப் பூங்கா. ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது" என்று திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் படகில் நின்றுகொண்டு நான் குடும்பத்துக்கே பாடம் நடத்தியபோது, முதல் ஆளாகத் தலையாட்டியவர் என் மாமியார். நான் கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் விஞ்ஞான ஆசிரியர். யாராவது ஒன்றைப் பிழையாகச் சொன்னால் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போய், தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

வீடு திரும்பிய மூன்றாம் நாள் காலை, சாமி அறையில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்த சங்கு நடந்துபோய் விபூதித் தட்டில் ஏறியது. மாமியார் போட்ட கூச்சலில் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. ஒருத்தி தேங்காயே உடைத்துவிட்டாள். நான் சங்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே துறவி நண்டு.

"அத்தை, இது எங்க இருந்து வந்துச்சு?"

"கோணேசர் கோயிலுக்குப் போயிட்டு வெறுங்கையோடயா வாறது மாப்பிள? தீவுல கெடந்துச்சு, சங்குன்னு முந்தானையில முடிஞ்சேன். உள்ள ஆளு இருக்குன்னு யாரு கண்டா?"

அட கடவுளே! பள்ளிக்கூடத்தில் சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பு நான். கூட்டத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்குமா? இதற்குச் சொந்த ஓடு கிடையாது, செத்த நத்தையின் ஓட்டில் குடியிருக்கும், வளர வளர வீடு மாறும், கரையில் வாழ்ந்தாலும் கடல்நீர் வேண்டும் என்றேன். எல்லோரும் கும்பிட்டார்கள்.

உப்புக் கரைத்து வைத்தேன். மாமியார் தேங்காய்ச் சில் வைத்தார். துறவி என்றால் சைவம்தானே என்று பக்கத்து வீட்டிலிருந்து வாழைப்பழம் வந்தது. இரண்டு நாள் தின்றது. பிறகு கண்டிக் குளிரில் ஓட்டுக்குள் ஒடுங்கியது, வெளியே வரவில்லை.

"சாமி அறையில உசுரு போச்சுன்னா அந்தப் பாவம் எனக்குத்தான். எடுத்த எடத்துலயே விட்டுருவோம்" என்று மாமியார் அழுதார். நான் லீவு போட்டேன்.

பித்தளைச் செம்பில் ஈர மணலைப் போட்டு, அதில் நண்டை வைத்து, காற்றுப் போகட்டும் என்று மெல்லிய வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினோம். அது பார்க்க எப்படி இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. கண்டியில் திருகோணமலை பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் எழுந்து நின்றார். "அம்மே, இங்க வாங்க" என்று முன் சீட்டைக் காட்டினார். டிரைவர் பாட்டை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த பெரியவர் தணிந்த குரலில் கேட்டார்.

"யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு" என்றார் மாமியார்.

எனக்குப் புரையேறிவிட்டது. மாமனார் சண்டைக் காலத்தில் காலமானவர். தன் அஸ்தியைத் திருகோணமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்போது பாதை பூட்டிக் கிடந்ததால் மகாவலியில் கரைத்தோம். பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியபோது, மாமியார் எப்போதும் போல ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

மாத்தளை தாண்டி வெயில் ஏறியதும் செம்புக்குள் கரக் கரக் என்று சத்தம். எனக்கு உயிர் வந்தது. பெரியவருக்குப் போய்விட்டது.

"உள்ள என்னமோ அசையுதே தாயி!"

"அவரு எப்ப ஒரு எடத்துல சும்மா இருந்தாரு?"

பெரியவர் தம்புள்ளைவரை நின்றுகொண்டே வந்தார்.

நிலாவெளியில் பூங்கா அதிகாரி கையை நீட்டி மறித்தார். "இஞ்ச அஸ்தி கரைக்கேலாது அம்மா." நான் துணியை அவிழ்த்தேன். எட்டிப் பார்த்தவர் பின்வாங்கினார்.

"தீவில இருந்து எடுத்தது ஆர்?"

மாமியார் விலங்கு மாட்டச் சொல்வதுபோல் இரண்டு கையையும் நீட்டினார். அதிகாரி தலையைச் சொறிந்தார்.

"வெளிய கொண்டு போகேலாதெண்டு சட்டம் இருக்கு. திருப்பிக் கொண்டு வாறதுக்கு ஒண்டும் இல்லையே! போய் விட்டிட்டு வாங்கோ."

தீவில், பவளப்பாறை நொறுங்கிக் குவிந்த கரையில், மாமியார் செம்பைச் சரித்தார். நண்டு அசையவில்லை. மாடப்புறாக்கள் தலைக்கு மேல் போய்வந்தன. செத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு ஒரு கால், இன்னொரு கால், அப்புறம் கண்கள். புதருக்குள் ஓடிவிட்டது.

"மகாவலி இந்தக் கடல்லதான வந்து விழுதுன்னு ஒரு நாள் சொன்னீங்க மாப்பிள?"

"ஆமா அத்தை."

"அப்ப அவரு வந்து சேந்திருப்பாருல்ல? போன தடவையே கேக்கணும்னு நெனச்சேன். நீங்க பாடம் நடத்திக்கிட்டே இருந்தீங்க."

வழியில் பொல்கொல்லை அணை, விக்டோரியா அணை, ரந்தெனிகலை அணை. எல்லாம் என் தொண்டைவரை வந்தன.

"எப்பவோ வந்திருப்பாரு" என்றேன்.

மாமியார் செம்பைக் கடல்நீரில் கழுவினார். பிறகு அலையைப் பார்த்து, அடுப்படியிலிருந்து பேசுகிற குரலில் சொன்னார்:

"நானும் வந்துட்டேங்க. உங்களச் சொல்லித்தான் முன் சீட்டே குடுத்தாங்க."