கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

மலைமேல் இருக்கும் சோளக்காட்டுக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் குட்டையானவர், முறுக்கு மீசைக்காரர். மலையின் எழுபது வளைவுகளிலும் கம்பியைப் பிடிக்கமாட்டார். வளைவுக்கு ஒரு நொடி முன்பே உடம்பைச் சாய்த்துக்கொள்வார்.

அன்று எங்கள் பழப்பெட்டிக்குக் கடைசிப் பரிசோதனை. பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றாகச் செய்தது. வடிவமைப்பு நான், வாழைநாரும் மரவள்ளிப் பசையும் கெமிக்கல் படித்த தோழி, உள்ளிருந்த அதிர்வுமானி எலக்ட்ரானிக்ஸ் நண்பன். இதிலும் பழம் நசுங்கினால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். மலைமேல் பஸ் ஏறி, பழம் நிரப்பிய பெட்டியை முன்பக்கம் வைத்துவிட்டு, கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொண்டோம்.

அடிவாரத்தில் இறங்கி அதிர்வுமானியைப் பார்த்தால் அதிர்வே இல்லை! மூவரும் குதித்தோம்.

"பழம் பத்திரந்தானுங்க அம்மிணி? வழி நெடுக நாந்தான் நெஞ்சோட அணைச்சுட்டு வந்தேன்" என்றார் கண்டக்டர்.

"ஐயோ அண்ணா! பொட்டி தாங்குதான்னு பாக்கத்தானுங்க கொண்டாந்தோம்!"

"அதை முன்னாடியே சொல்றதில்லீங்களா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மறுபடி மலையேறி, மறுபடி இறங்கினோம். தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியையே பார்த்தபடி வந்தார். அந்தக் கவலையில் ஒரு வளைவுக்குச் சாய மறந்து, தொப்பென்று விழுந்தார்.

கீழே கிடந்தபடியே, "பழம் என்னாச்சுங்க?" என்றார்.

முடிவுப் பட்டியலில் எழுதினேன்: பழம் நலம். பெட்டி நலம். கண்டக்டருக்கு முழங்கையில் சிராய்ப்பு.