வாலில்லாத குருவி

பாசிர் பெனம்பாங்கிற்கு மீன் வாங்கப் போனால், முதலில் பழைய சாமான் கடைக்குள் நுழைந்துவிடுவேன். நேற்றும் அப்படித்தான். கடைக்காரப் பெண் நீல அச்சுப் பீங்கான் தட்டு ஒன்றை நீட்டினார். ஓரம் முழுக்கக் கொடி, கொடி நெடுகக் குருவிகள். விரலால் அந்த ஓரத்தை ஒரு சுற்றுத் தடவினேன்.

"இதே மாதிரி பதினெட்டுத் தட்டு வாங்கிட்டுப் போயிட்டீங்க லா. இன்னும் என்னாண்ணே தேடுறீங்க?"

"வால் இல்லாத குருவி" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். நியாயம்தான், வீட்டில் மனைவியும் அப்படித்தான் பார்க்கிறாள்.

இந்தப் படங்கள் கையால் வரைந்தவை அல்ல. தாளில் அச்சடித்துப் பீங்கான்மேல் ஒட்டி எடுப்பார்களாம். தாளின் இரு முனையும் சேரும் இடத்தில் சில சமயம் படம் பொருந்தாது. எங்கள் வீட்டுத் தட்டில், அந்த இடத்தில் ஒரு குருவிக்கு வால் போயிருந்தது.

அம்மா ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் பாத்திரம் கழுவினார். வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது கொடுத்த தட்டு அது. தோட்டத் தொழிலாளருக்கான எங்கள் லயத்து வீட்டில் அவ்வளவு அழகான பொருள் வேறு இல்லை. அதனால் அப்பாவின் திதிக்கு மட்டும்தான் வெளியே வரும். சோறு, அப்பாவுக்குப் பிடித்த குழம்பு எல்லாம் வைத்த பிறகு, சுடச்சுட ஒரு வடையை எடுத்து அந்தக் குருவியின்மேல் வைப்பார்.

"மூளியா தெரியுதுல்ல, பாவம். அப்பா கண்ணுல பட வேணாம்."

ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்து, எனக்கும் நாலு விஷயம் தெரியும் என்ற நினைப்பு வந்த வருடம். படையல் முன்னால் நின்றுகொண்டு, "தொர தின்ன எச்சித் தட்டும்மா அது. அதுலயா அப்பாவுக்குப் படைக்கிற?" என்றேன். எத்தனை வருடம் அவர் தேய்த்துக் கழுவிய தட்டு! அம்மா சோற்றை வாழையிலைக்கு மாற்றினார். மறுநாள், பழைய சாமான் லோரி வந்தபோது தட்டைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் இலையிலும் அதே ஓரத்தில்தான் வடையை வைத்தார். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

லயத்தை இடித்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். செம்பனையும் போய் அங்கே இப்போது மாடி வீடுகள். அம்மாவும் போய்விட்டார். அவர் திதிக்கு நான் வாங்கிய தட்டு ஒன்றில்தான் படைக்கிறேன். யார் தின்ற எச்சிலோ, இப்போது யோசிப்பதில்லை. அச்சு அருமையாகப் பொருந்திய தட்டு. எல்லாக் குருவிக்கும் வால் இருக்கிறது. வடையை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒவ்வொரு வருடமும் கையில் பிடித்தபடி நிற்கிறேன்.