மறுபக்கம் சொன்னவர்

மச்சானை நினைத்தால் எஞ்சின் யன்னலில் ஊன்றிய அவருடைய முழங்கைதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. யன்னல் விளிம்பில் மடித்த பழந்துணி ஒன்றைப் போட்டு, அதன்மேல் முழங்கையை வைத்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். என் தங்கையின் கணவர். இருவரும் ஒரே நாளில் ரயில் வேலைக்குச் சேர்ந்து, வவுனியாவில் உதவிச் சாரதிகளாக இருந்தோம். நான் கடமைக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. என் உடுப்பில் எண்ணெய்க் கறை பட்டதில்லை. அவர் பிந்தித்தான் வருவார்; சட்டைப் பொத்தானை எஞ்சினில் ஏறிய பிறகுதான் பூட்டுவார். அப்படியிருந்தும் அவர் வரும்வரை, நாங்கள் மாறி மாறி உதவிக்குப் போகும் சாரதி ஐயா வாசலைப் பார்த்தபடியே இருப்பார். எனக்காக அவர் அப்படி ஒருநாளும் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

நாங்கள் ஓடியது கனடா எஞ்சின்களில். அந்த நாட்டிலிருந்து வந்தவை என்பதால் அந்தப் பெயர். அவற்றின் அமைப்பைச் சொன்னால்தான் என் மனக்குறை விளங்கும். டீசல் எஞ்சின்களின் தொடக்க காலத்தில் நெடும்பாதையில் ஓடுவதற்கு ஒரு வகையும், நிலையத்துக்குள் பெட்டிகளைத் தள்ளிக் கோப்பதற்கு வேறொரு வகையும் இருந்தன. இரண்டு வேலைக்கும் ஒரே எஞ்சின் போதும் என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வட அமெரிக்காவில் உருவானது. டீசல் இயந்திரத்தையும் அது சுழற்றும் மின்பிறப்பாக்கியையும் ஒடுங்கிய நீண்ட கூடொன்றுக்குள் அடக்கினார்கள். அந்த மின்சாரம் கீழே அச்சுகளில் உள்ள மோட்டார்களை இயக்கும். கூட்டின் இரு பக்கமும் ஆள் நடக்க இடம் உண்டு. அங்கே நின்றே கதவுகளைத் திறந்து பழுது பார்க்கலாம். சாரதியின் அறையை ஒரு முனைக்குக் கிட்ட வைத்தார்கள். கட்டையான முனை முன்னால் போனால் பாதை நன்றாகத் தெரியும். நீண்ட கூடு முன்னால் போனால் சாரதிக்குத் தன் பக்கம் மட்டும்தான் தெரியும். கொதிகலனுக்குப் பின்னால் இருந்து ஓட்டிப் பழகிய நீராவிக் காலத்துச் சாரதிகளுக்கு அது பெரிய குறையாகத் தோன்றியிராது. எஞ்சினைத் திருப்பும் வட்டமேடை இல்லாத இடத்துக்குப் போனால், போகும்போதோ வரும்போதோ ஒரு தடவை கூட்டை முன்னால் விட்டுத்தான் ஓட வேண்டும். அப்போது வளைவுகளில் மறுபக்கத்தைச் சாரதிக்குச் சொல்வது உதவிச் சாரதியின் வேலை.

நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். வவுனியாவுக்குத் தெற்கே ஒருநாள், “ஐயா, மறுபக்கத்தில வேலி முடியுது, வேலிக்குப் பக்கத்தில மூண்டு மாடு, ரெண்டு மேயுது, ஒண்டு பாதையைப் பாத்துக்கொண்டு நிக்குது” என்றேன். சாரதி ஐயா பிரேக்கில் கை வைத்தபடி பொறுத்துப் பார்த்தார். பிறகு, “நீர் சொல்லி முடிக்க மாடு வீட்டை போய்ப் பாலும் கறந்தாச்சு” என்றார். அன்று எங்களுடன் வந்திருந்த மச்சான் பின்னால் நின்று சிரித்தார். அடுத்த வளைவில் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “விடுங்கோ” என்றார். வண்டி வேகம் எடுத்தது.

மச்சானிடம் இரண்டே சொற்கள்தான் இருந்தன. ஓடலாம் என்றால் “விடுங்கோ”, பிரேக் போட வேண்டும் என்றால் “பிடியுங்கோ”. மாடா, மனிதரா, சிக்னலா என்று சாரதி ஐயா திருப்பிக் கேட்டதில்லை. நான் கண்டதைச் சொன்னேன். மச்சான், சாரதி செய்ய வேண்டியதைச் சொன்னார். இது எனக்கு அன்றே விளங்கிவிட்டது. விளங்கியும் என் வாய் மாறவில்லை. பார்த்ததில் பெரும்பங்கை விழுங்கிவிட்டு ஒரு சொல்லை மட்டும் வெளியே விட எனக்குத் துணிவு வரவில்லை.

போருக்குப் பிறகு தண்டவாளம் வடக்கே நீண்டுகொண்டு போனது. பயணிகள் வண்டி ஓடும் முன்பே, பாதைக்குச் சரளைக்கல் ஏற்றிய வண்டி பரந்தனுக்குப் போக இருந்தது. பரந்தன் என் ஊர். அங்கே போகும் முதல் எஞ்சினில் நான் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. மீள்குடியேறி அங்கே இருந்த அம்மாவிடமும் சொல்லி வைத்திருந்தேன். எஞ்சின் கூட்டை முன்னால் விட்டுப் போக வேண்டும். புதுப் பாதை, காவலில்லாத தெருக் கடவைகள், இரு புறமும் பற்றை. யாரைக் கூட்டிப் போவது என்பதைச் சாரதி ஐயாவிடமே விட்டிருந்தார்கள். நான் நேரே போய்க் கேட்டேன்.

“ஐயா, அது என்ர ஊர். ஒவ்வொரு தெருவும் ஒழுங்கையும் தெரியும்.”

“அதுதான் பயமாக் கிடக்கு. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் நீர் கதை சொல்லுவீர். மச்சானை வரச் சொல்லும்.”

கோபமாகச் சொல்லவில்லை, தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். மச்சானின் ஊர் முள்ளியவளை. தண்டவாளமே போகாத இடம்.

அன்று அம்மா காலையிலிருந்து பரந்தன் கடவையில் நின்றிருக்கிறார். பின்னேரம் தொலைபேசியில், “உன்னைக் காணேல்லை மோனை. ஆனா மருமோன் எவ்வளவு வடிவா நிண்டவர் தெரியுமே, தானே ஓட்டிக்கொண்டு வாற மாதிரி” என்றார். திரும்பி வந்த மச்சான் ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். “இந்தாரும் மச்சான், பனங்காய்ப் பணியாரம். மாமி உமக்கெண்டு தந்துவிட்டவா. வழியில நாலு நான் திண்டிட்டன்.” மிச்சத்தை நான் தொடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், “முதல் கோச்சியில வந்தது என்ர மருமோன்” என்று அம்மா இன்றைக்கும் சொல்வார், நான் பக்கத்தில் இருந்தாலும்.

பிறகு மச்சான் தங்கையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கே போய்விட்டார். அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். சாரதி ஐயா ஓய்வு பெற்றார். நான் சாரதியானேன். இப்போது பயணிகளுக்கு இரு முனையிலும் சாரதி அறை உள்ள புதிய வண்டிகள் ஓடுகின்றன. மறுபக்கம் என்ற பேச்சே அவற்றில் இல்லை. கனடா எஞ்சின் எப்போதாவதுதான் கைக்கு வரும்.

போன மாதம் வந்தது. வெறும் பெட்டிகளுடன், கூட்டை முன்னால் விட்டுப் பரந்தனிலிருந்து வவுனியாவுக்கு வந்துகொண்டிருந்தேன். மறுபக்க யன்னலில் நின்ற உதவிச் சாரதி கூர்மையான கண்ணுள்ளவர், வேலை தெரிந்தவர். மாங்குளத்துக்கு இப்பால் ஒரு வளைவில் அவர், “விடலாம் ஐயா” என்றார். சுருக்கமாக, உரிய நேரத்தில், தெளிவாகச் சொன்னார். என் கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. வண்டி நின்றது. நான் எழுந்து மறுபக்கம் போய்த் தலையை நீட்டினேன். தண்டவாளம் பற்றைகளுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்தது.

“சொன்னனான்தானே ஐயா” என்றார் அவர், எனக்கு வழிவிட்டபடி.

மச்சானுடன் ஓடிய நாட்களில் சாரதி ஐயா தன் கதிரையை விட்டு எழும்பியதை நான் கண்டதில்லை. வளைவு வரும்போதுதான் தேநீர்க் கோப்பையை எடுப்பார். இவ்வளவு காலமும் மச்சானைப் பார்த்தே பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கதிரையில் அப்படி இருக்க முடிந்த சாரதி ஐயாவை எண்ணி வயிறெரிந்தது அன்றுதான் முதல் தடவை.

திரும்பி வந்து என் இடத்தில் இருந்து, “விடட்டோ?” என்று கேட்டேன்.

உதவிச் சாரதி வெளியே பார்க்கவில்லை.

“நீங்களே பாத்தனீங்கள்தானே” என்றார்.