இளஞ்சிவப்பு வரும்வரை ஊற்றவும்

நான் வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார். அந்த மரியாதை நிலைக்க வேண்டுமென்றால் அதற்கு மேல் நான் வாயைத் திறக்கக் கூடாது. திறக்கிறேன்.

எங்கள் ஆட்கள் அயனம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நைனாதான் முதலில் சேற்றிலிருந்து காலை எடுத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வைத்தார். சேற்றுக்குப் பதில் நெருப்பு. பட்டறையை ஒட்டி ஒரு பெயிண்ட் கம்பெனி. மதியச் சோற்றை நைனா வேலியோரம் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வருவார். பெயிண்ட் பூசிய தகரத் துண்டு ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். உள்ளே போய்விடுவார்.

"அவுரு கெமிஸ்ட்டாம்டா," என்றார் நைனா ஒருநாள் வீட்டுக்கு வந்து. "தகரத்தப் பாக்குறாரு, தலய ஆட்றாரு, உள்ள பூட்றாரு. அவ்ளோதான் வேல. மேல ஒரு சொட்டு வேர்வ கெடியாது. நீ அதான் ஆவணும்."

என் எதிர்காலம் இப்படி ஒரு தூக்குச் சட்டிக்கும் வேலிக்கும் நடுவில் முடிவானது. அறுபதுகளின் கடைசியில் ரயில் பிடித்துப் பட்டணத்துக் கல்லூரிக்குப் போய் பி.யு.சி.யில் சேர்ந்தேன்.

பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவன் நான். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். வகுப்பில் ஆசிரியர் பேசுவது, மழை பெய்யும்போது தகரக் கூரை போடும் சத்தம் மாதிரி காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஏதோ பெய்கிறது என்று மட்டும் தெரியும். சரி, ஆய்வுக்கூடத்தில் பிழைத்துக்கொள்ளலாம், அங்கே கையால்தானே வேலை என்று நினைத்தேன். அங்கேதான் டைட்ரேஷன் இருந்தது.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அளவுக் கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயில் ஒரு திரவம், கீழே குடுவையில் இன்னொன்று. மேலே இருப்பதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையைக் குலுக்க வேண்டும். திடீரென்று ஒரு சொட்டில் நிறம் மாறும். அங்கே நிறுத்தி, எவ்வளவு செலவானது என்று பார்க்க வேண்டும். 'பேல் பிங்க்' வந்ததும் நிறுத்து என்றார்கள். எனக்கு வரவே இல்லை. விட்டேன், விட்டேன், விட்டுக்கொண்டே இருந்தேன்.

டெமான்ஸ்ட்ரேட்டர் என் குடுவையைத் தூக்கிப் பார்த்தார். "ஏன்யா, டைட்ரேஷன் பண்ணச் சொன்னா பீட்ரூட் ஜூஸ் போட்டு வெச்சிருக்கே? யாருக்கு, எனக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று கேட்ட ஆங்கிலச் சொற்களில் பீட்ரூட் மட்டும் புரிந்திருந்தது.

அன்று மாலை ரயிலில் உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கோளாறு என் ஆங்கிலத்தில்தான். 'பிங்க்' என்றால் என்ன என்று சரியாகத் தெரியாததால்தான் என் கண்ணுக்கு அது அகப்படவில்லை. சிரிக்காதீர்கள், இதற்கு ஆதாரம் வைத்திருந்தேன். அயோடின் சோதனையில் 'ஸ்ட்ரா யெல்லோ' வரவேண்டும் என்பார்கள். வைக்கோல் மஞ்சள். அதை மட்டும் நான் வகுப்பிலேயே முதல் ஆளாகப் பிடித்துவிடுவேன். ஏனென்றால் வைக்கோல் எனக்குத் தெரியும், என் வம்சமே வைக்கோல் சுமந்த வம்சம். தெரிந்த சொல் என்றால் நிறம் தெரிகிறது, தெரியாத சொல் என்றால் தெரிவதில்லை. விஞ்ஞானி மாதிரி யோசித்ததாகவே நினைத்தேன்.

ஆகவே ஆங்கில ஆசிரியரிடம் போய், "சார், பிங்க்னா எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தபடி, "வெட்கப்படுற பொண்ணோட கன்னம் மாதிரி," என்றார்.

எங்கள் தெருவில் பெண்கள் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. வெட்கப்படுவது ஆண்கள்தான், அதுவும் அவர்கள் திட்டும்போது. பட்டாலும் எங்கள் கன்னத்தில் தெரிகிற நிறம் அல்ல அது. பி.எஸ்ஸி. போனதும் 'வைன் ரெட்' வரவேண்டும் என்றார்கள். மதுவிலக்கு இருந்த ஊரில் வைனுக்கு நான் எங்கே போவேன்? அகராதி வாங்கி எல்லா நிறப் பெயர்களையும் எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்தேன். பலன், என் குடுவையில் என்ன நிறம் தவறிப்போனது என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்ல முடிந்தது.

பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேஜைக்கு நசரத்பேட்டையிலிருந்து ஒருவன் வந்தான். பெங்களூர் ரோட்டில் லாரி ஓட்டுநர்களோடு வளர்ந்தவன், குரலும் ஹாரன் மாதிரியே இருக்கும். ஒருநாள் நான் பெர்மாங்கனேட் விட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தான்.

"மாமே, நிறுத்து. இன்னா கலர் கீது இது?"

"இன்னும் ஒண்ணும் வர்லயே. தண்ணி மாரிதான் கீது."

"தண்ணியா? அய்யனார் கோயில்ல கெடா வெட்டுன மாரி கீதுடா!" குடுவையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வெளிய வா."

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் கம்பி வேலி முழுக்கக் கோவைக்கொடி படர்ந்திருந்தது. "இதுல எத்தினி பழம் கீது, சொல்லு."

"பழம் ஏது? எல்லாம் காய்தான்."

"நல்லா பாரு."

"பாத்துட்டேன்டா. கிளி ஒண்ணு குந்திகினு கீது."

"அது இன்னா கொத்திகினு கீது? பழம்டா! கொடி பூராவும் பழம்! செவசெவன்னு!" சிரித்துச் சிரித்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மாமே, உனுக்கு செவப்பு தெர்லடா. பச்சயும் செவப்பும் ஒண்ணா தெரீது. எங்க ரோட்டுல ஒரு டிரைவருக்கு இதே கேஸு, லைசென்ஸே குடுக்கல."

நியாயமாக நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ தாங்க முடியாத சந்தோஷம். "அப்போ என் இங்கிலீஷ்ல தப்பு இல்லியா?"

"உன் இங்கிலீஷும் கேவலந்தான். இது வேற."

அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். பன்னைப் பாதி தின்றபோதுதான் பெயிண்ட் கம்பெனி ஞாபகம் வந்தது. உலகத்தில் எத்தனையோ கம்பெனி இருக்க, நைனா வேலியோரம் உட்கார்ந்து பார்த்துவைத்த இடம் அது. நிறத்தைப் பார்த்துத் தலையாட்டுகிற வேலை. நான் பார்க்காமலே தலையாட்ட வேண்டியதுதான். வீட்டில் சொல்லவில்லை.

முதலில் பாஸ் பண்ண வேண்டுமே. அதற்கும் அவனே வழி சொன்னான். "நீ தப்பு பண்றது எப்பவும் ஒரே அளவுதானே? செவப்பு நல்லா முத்தி, குடுவ இருட்டான அப்பறம் நிறுத்துற. அந்த எக்ஸ்ட்ராவ கழிச்சிடு. பக்கத்துல வெறும் தண்ணி ஒரு குடுவ வெச்சிக்கோ. எது இருட்டு, எது வெளிச்சம்னு பாரு. கலர வுட்டுரு."

பழகினேன். நிறத்தைத் தேடாமல் இருட்டைத் தேடினேன். பல்கலைக்கழகத் தேர்வுக்கு வந்திருந்த வெளி எக்ஸாமினர் என் மேஜையில் நின்று, "எதுக்குப்பா ரெண்டு குடுவை?" என்றார்.

"ஒப்பிட்டுப் பாக்க சார்."

"பாருங்க, எவ்வளவு ஜாக்கிரதையான பையன்," என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். நசரத்பேட்டைக்காரன் இருமலை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எம்.எஸ்ஸி.யில் இயற்பிய வேதியியல் எடுத்தேன். அறிவுத் தாகம் என்று பேராசிரியர் நினைத்தார். விஷயம் என்னவென்றால், அங்கே டைட்ரேஷனுக்கே மீட்டர் உண்டு. கரைசலில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று முள் காட்டும். அதை வரைபடத்தில் போட்டால் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும். வெட்டுகிற இடம்தான் விடை. கன்னம் இல்லை, வைன் இல்லை. முதல் வாரம் அந்த மீட்டருக்குக் கற்பூரம் காட்டாத குறை. இரண்டாம் வாரம் அலைச் சமன்பாடு என்று ஒன்றைப் பலகையில் எழுத ஆரம்பித்தார்கள். எழுதி முடிக்கப் பலகை போதவில்லை. அது எந்த நிறச் சாக்குக்கட்டியில் எழுதினாலும் எனக்கு விளங்கியிருக்காது. இரண்டாம் வகுப்பில் தேறினேன்.

ரிசல்ட் வந்த மறுநாளே நைனா பெயிண்ட் கம்பெனி மேஸ்திரியிடம் சொல்லி, மேனேஜரைப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார். மேனேஜர் நாலு தகரத் துண்டுகளை மேஜையில் வைத்தார்.

"இதுல ஒண்ணு மட்டும் மத்ததோட சேராது. எதுன்னு சொல்லுங்க."

எனக்கு நாலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. இருட்டு, வெளிச்சம் பார்த்தேன். அதுவும் ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே வேலி தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் நைனா இருப்பார். அவருக்காக ஏதாவது ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொட்டுவிடலாமா என்று விரல் எழுந்தது. தொட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம், நாளைக்கு ஒரு லாரி பெயிண்ட் பாழாய்ப் போகுமே.

"சார், எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி எப்படிய்யா பாஸ் பண்ணே?"

"கழிச்சுப் பாஸ் பண்ணேன் சார்."

விளக்கிச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஒரு தகரம் கீழே விழுந்தது. பிறகு, பெயிண்ட் கெட்டியா நீர்த்ததா என்று பார்க்கிற பிரிவில் என்னைப் போட்டார். அடியில் ஓட்டை போட்ட ஒரு கிண்ணத்தில் பெயிண்டை ஊற்றி, ஒழுகி முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷப் படிப்புக்குப் பிறகு ஒழுகலுக்குக் காவல். ஆனால் வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். நைனா வேலியோரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு, பட்டறை முழுக்க, "மெட்ராஸ் பூராவுக்கும் எம் புள்ளதான் கலர் சொல்றான்," என்று பரப்பிவிட்டார். மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

பொங்கல் வந்தது. கம்பெனியில் மிச்சமாகிப்போன இரண்டு அரை டப்பா பெயிண்டைக் கொடுத்தார்கள். நைனா பிரஷ்ஷை என் கையில் வைத்தார். "கெமிஸ்ட்டு, வாசக்கதவ நீயே அட்ரா."

டப்பாவில் எழுத்து அழிந்திருந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். அவர் எதிரில் எப்படிக் கேட்பது? இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரு டப்பா கதவுக்குப் போதாதே என்று ஒன்றை மற்றதில் ஊற்றிக் கலக்கி, பாதிக் கதவு அடித்துவிட்டேன்.

"டேய்! இன்னாடா இது, சாணி மாரி? செவப்புல எதுக்குடா பச்சைய ஊத்துன?"

சொல்லிவிட்டேன். கோவைப்பழம், குடுவை, மேனேஜர், எல்லாவற்றையும். நைனா படியில் உட்கார்ந்தார்.

"பொறந்ததுலேந்தா?"

"ஆமா நைனா."

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சிதான் வெச்சிகினாங்க."

"கோட்ட புடுங்கிக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்து நின்றது. "இன்னாண்ணா, கதவு இன்னாவோ தினுசான கலரா கீது?"

நைனா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "இது கம்பெனில புச்சா வந்த கலரும்மா. இன்னும் கடைக்கே வர்ல. எம் புள்ள கண்டுபுட்ச்சது." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாடா பாத்துகினு நிக்கிற? மீதியையும் அடி," என்றார்.