சந்தனம் வைத்த முகமூடி

காசிம் பாய் காலமான செய்தி எனக்கு மூன்றாம் ஆள் மூலமாகத்தான் வந்தது. ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் ஐஸ் பிளாண்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மீன் வண்டி டிரைவர் ஒருவர் வந்து, பாய் நெஞ்சுவலியில் மவுத்தாகிவிட்டார், தெரியாதா என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் ஒரே மிஷின் ரூமில் கூட இருந்த எனக்கு முன்னால் டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது. துக்கத்துக்கு முன்னால் வந்தது எரிச்சல்தான். பாயை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர்மேல் எனக்குப் பொறாமை. உயிரோடு இருக்கும்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பிளாண்ட்டில் நான்தான் சீனியர் ஆபரேட்டர். சவூதியில் குளிர்கிடங்கில் வேலை பார்த்துவிட்டு வந்த பாய் எனக்குக் கீழேதான் சேர்ந்தார். ஆறே மாதத்தில் எல்லாரும் அவர் பக்கம் போய்விட்டார்கள். அமோனியா கசிந்தால் மாட்டிக்கொள்ளும் முகமூடி, கையுறை, பூட்ஸ், எதுவானாலும் இது இன்னும் தாங்குமா என்று அவரிடம்தான் கேட்பார்கள். அவர் ரப்பரை மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். முகமூடியை மாட்டி, காற்றை வடிகட்டும் டப்பாவை உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுப்பார். முகத்தோடு ஒட்டிப் பிடித்தால் சரி. எங்காவது காற்று புகுந்தால் கத்திரியை எடுத்து வாரை வெட்டிவிடுவார். சும்மா தூக்கிப் போட்டால் நாளைக்கு எவனாவது எடுத்து மாட்டிக்கொள்வான் என்பார். நான் மூக்கை நம்புகிறவன். நெடி தெரியும்போது டப்பாவை மாற்றினால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"நெடி தெரிஞ்சா நேத்தே மாத்திருக்கணும்ண்ணே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

ஆனால் இந்தச் சாமான்கள் வைக்கும் பீரோவின் சாவி என் இடுப்பில். ஒரு வருடம் முதலாளி ஆறு புது முகமூடிகள் வாங்கிக் கொடுத்தார். ஆயுத பூஜையன்று கம்ப்ரசருக்கு மாலை போட்டு, முகமூடிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பூஜை முடிந்ததும் திரும்ப உறையில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். புதுசு, பத்திரமாக இருக்கட்டும், இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் காட்டலாம். பொரிகடலையை வாங்கிக்கொண்டு நின்ற பாய் மெதுவாகக் கேட்டார்: "சாமிக்கு வச்சாச்சு. நமக்கு எப்பண்ணே?"

இருக்கிறது ஓடட்டும் என்றேன். அவர் கேட்டார் என்பதற்காகவே திறக்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் வேலைக்கு வந்தால், என் முகமூடி வார் அறுந்து ஆணியில் தொங்குகிறது. பாய் பக்கத்திலேயே நின்றிருந்தார். "தாடைக்கிட்ட வெடிச்சிருச்சுண்ணே. கேட்டா குடுக்க மாட்டீங்க" என்றார். எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிளாண்ட் சாமானை நாசம் பண்ணுகிறான் என்று முதலாளியிடம் வத்தியும் வைத்தேன். பழசை வீம்புக்கு வீட்டுக்குத் தூக்கிப் போனேன். வேறு வழியில்லாமல், சந்தனம் காய்ந்திருந்த புதுசு ஒன்றை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் வால்வில் அமோனியா பீறிட்டது. பாய்க்கு அன்று லீவு. அடைக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். புது முகமூடியோடு உள்ளே போனேன், அடைத்தேன், நடந்தே வெளியே வந்தேன். ஒரு நாளாவது அவரை விட்டு என்னைச் சுற்றி நின்றார்களே என்று மனசு குளிர்ந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வார் அறுந்ததை முகத்தில் அழுத்தி, டப்பாவைப் பொத்தி மூச்சை இழுத்துப் பார்த்தேன். தாடைப் பக்கம் காற்று தாராளமாகப் புகுந்தது. அதோடு போயிருந்தால் இந்த அஞ்சலியை அவர்தான் எழுதியிருப்பார். அதையும் என்னைவிட நன்றாக எழுதியிருப்பார்.

மறுநாள் அவரிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நாலு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம்.

துக்க வீட்டில் பாயின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேதுண்ணன் நீங்கதானா? ஒங்க முகமூடிய ஒங்களக் கேக்காம வெட்டுனது தப்புன்னு அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக. பெரிய மனுசன் மொகம் வாடிப்போச்சேன்னு." தப்பில்லை பாய், அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்ற ஒரு பேச்சு என்னிடம் இருந்தது. அதையும் புதுசு கலையாமல் பூட்டியே வைத்திருந்திருக்கிறேன்.

போன வாரம் ஒருவர் தேய்ந்த கையுறையை என்னிடம் கொண்டுவந்தார். மடக்கிப் பார்த்தேன், கத்திரியால் வெட்டினேன். பாயாக இருந்தால் போன மாதமே வெட்டியிருப்பார் என்று பின்னால் ஒரு குரல். வயிறு எரிந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த எரிச்சலும், வீட்டில் இருக்கும் வார் அறுந்த முகமூடியும்தான். கையுறையை வெட்டிய அன்றைக்கே பீரோ சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, பூட்டிலேயே விட்டுவிட்டேன்.