பதினான்காம் நாள்

என் கணவர் ஹரீஷ் பகலில் மத்திய அரசு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். மாலையில் ராக் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறவர். இரண்டாவதை அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. லேக் மார்க்கெட் பின்சந்தில் எங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு நம்பாமல் இருக்க வழியில்லை.

கீழ்வீட்டில் பாலசுப்ரமணியன் மாமாவும் பட்டு மாமியும். வீடே அவர்களுடையதுதான். ஹரீஷ் கரண்ட் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டியைத் திருகியதும், மாமி கீழிருந்து ஒட்டடைக் கொம்பால் எங்கள் தரையை மூன்று இடி இடிப்பாள். இவர் சத்தத்தைக் குறைப்பார். பத்து நிமிஷத்தில் மறுபடி ஏற்றிவிடுவார். சொல்லித் திருந்துகிற ஜென்மம் இல்லை. கூடத்து மூலையில் ஒரு மரக் கிட்டாரும் இருந்தது. அதை அவர் மதித்ததே இல்லை. விரல் பழக்கத்துக்கு எடுப்பதோடு சரி.

தொண்ணூற்றாறில், துர்கா பூஜை முடிந்த இரண்டாம் வாரம் மாமா மாரடைப்பில் போய்விட்டார். சென்னையிலிருந்து வந்த மகன் ஸ்ரீநாத் மாடிப்படியில் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. தூங்கவும் இல்லை. பயமா இருக்கு."

துக்க வீட்டில் பாட்டு கூடாது. ஹரீஷ் கரண்ட் கிட்டாரை உறையில் போட்டுவிட்டார். ஆனால் ஜாதவ்பூரில் ஒரு நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மரக் கிட்டாரில் விரல் நுனியால் மெல்ல வாசித்துப் பழகினார். அதே பாட்டுகள்தான். வேகமும் இரைச்சலும் போய், ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. ஆறு வருடம் கூட வாழ்ந்தும், அவரிடம் இப்படி ஒரு வாசிப்பு இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும், "துக்க வீட்டுக்கு மேல இதென்ன?" என்று கடிந்துகொண்டேன்.

"யாருக்கும் கேக்காது" என்றார்.

பதின்மூன்றாம் நாள் சுபம், துக்கம் கழிகிற நாள். வடை, பாயசத்தோடு கீழே எல்லோரும் சாப்பிட்டோம். மறுநாள் ஸ்ரீநாத் ஊருக்குக் கிளம்பினான். அன்று மாலையே ஹரீஷ் கரண்ட் கிட்டாரை மாட்டினார். பெட்டி அலறியது. இடி வரும் என்று பார்த்தோம். வரவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள்.

மாமி. மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஹரீஷ் பதறி எழுந்தார்.

"மன்னிச்சுக்கோங்கோ மாமி. நேத்தோட எல்லாம் முடிஞ்சுடுத்தேன்னு..."

"உங்களுக்கெல்லாம் முடிஞ்சுடுத்து. எனக்கு முடியலையே" என்றாள் மாமி. "நீ மெதுவா வாசிச்சியே, அதைக் கேட்டுண்டுதான் அழுதேன். அப்பறம்தான் தூக்கமே வந்தது. அதை நிறுத்திடாதே."

ஹரீஷ் ஒயரைப் பிடுங்கினார். மாமி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஏழு வருடம், தினமும் முதலில் அரை மணி மரக் கிட்டார். முடிந்ததும் கீழிருந்து ஒரே ஒரு இடி வரும். போதும், இனி உன் இரைச்சலை ஆரம்பி என்று அர்த்தம்.

இரண்டாயிரத்து மூன்றில் மாமியும் போய்விட்டாள். சுபம் முடிந்த மறுநாள் மாலை ஹரீஷ் மரக் கிட்டாரை வாசித்து முடித்துவிட்டு, கரண்ட் கிட்டாரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு இடிக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். விளக்கைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னொரு தரம் மெதுவாவே வாசிங்கோ" என்றேன். "எனக்கும் முடியலை."