படி வளைவில் ஒரு கட்டில்

"நாவன்மை மிக்க இளம் ஊழியர்" என்று எழுதித்தான் திருச்சபை அவரை மதம் போதிக்க அயல்நாட்டுக்கு அனுப்பியது. அங்கே அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டியதோ, பேசப் பயந்து, யாரும் திறந்துவிடக் கூடாதே என்ற பிரார்த்தனையோடு.

மூன்றாம் மாடித் தையற்காரம்மா திறந்துவிட்டார்.

"சாமி பேச்சு அப்புறம் தம்பி. பிள்ளை பெத்த என் மக சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரா. அவளுக்கு வாங்கின கட்டில் கீழேயே கிடக்கு. ஒரு கை பிடிங்க."

அவரும் உடன் வந்த கூட்டாளி ஊழியரும் தூக்கினார்கள். படி வளைவில் கட்டில் ஒருவர் கண்ணிலிருந்து மற்றவரை மறைத்தது. இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்னாச்சு?" என்றார் தையற்காரம்மா.

"கூட்டாளியைக் கண் பார்வையில வச்சிருக்கணும். சபை விதிம்மா."

"நான் மேலே நின்னு ரெண்டு பேரையும் பாத்துக்கறேன். தூக்குங்கய்யா!"

மகள் வந்தபோது கட்டில் மேல் படுக்கை விரித்துத் தயாராக இருந்தது. நாவன்மை மிக்க ஊழியர் அன்று எதையும் போதிக்கவில்லை. கட்டிலை மாடிக்கு ஏற்றினார்.